அண்ணனின் கடலைத் துடைத்துக் கொடுத்த கம்பெனி

எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில், சாப்பிட்ட தட்டைப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். வேண்டாத செல்போன்களை அதில் போட்டுவிட்டுப் போகலாம். அயர்லாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் அந்தப் பெட்டியைத் தாண்டும்போது என் கால் ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது. மிச்சச் சோற்றைக் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போனையும் கொட்டுகிறார்கள். போன வாரம், என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் நோரா சாப்பிட்ட கையோடு தன் போனிலிருந்து சிம் கார்டை உருவிக்கொண்டு போனை உள்ளே போட்டாள். அடுத்த நிமிடம் பெட்டிக்குள்ளிருந்து அலாரம் அடிக்கத் தொடங்கியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "இல்லையே, நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள். இரண்டு வருடம் ஆவது இந்த ஊரில் ஒரு வியாதி.

பிறகு மேசையில் வழக்கமான பேச்சு. எந்தக் கம்பெனி போனில் கேமரா தெளிவு, எதற்கு அப்டேட் போட்டபிறகு நத்தை மாதிரி ஆகிவிட்டது, எந்தக் கம்பெனியின் சர்வீஸ் தங்கம், எது தகரம். மழையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டால் இவர்களுக்கு இதுதான் பேச்சு. "உன் அபிப்ராயம் என்ன ஸ்டெல்லா?" என்று நோரா கேட்டாள். "நான் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் டீ ஆறிப்போகும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த அபிப்ராயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருக்கிற நம் ஆட்களுக்கும், என்னைப்போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கும் டீ ஆறினால் பரவாயில்லை.

எங்கள் வீட்டிலும் பொருளைப் பற்றி அபிப்ராயம் இல்லாமல் இல்லை. ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் என் அண்ணி மேரிக்கு நான் முதல் தடவை லீவில் வந்தபோது ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். மடக்குகிற போன், வெளிப்பக்கம் பளபளவென்று கண்ணாடி. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். "இன்னா ஸ்டெல்லா இது, மூஞ்சி பாக்கற கண்ணாடி மாரி? பொத்தான் பெருசா இருக்கணும், டார்ச்சு இருக்கணும். கீழ வுழுந்தா மூடி ஒரு பக்கம் பேட்டரி ஒரு பக்கம் ஓடணும். பொறுக்கி மாட்டுனா மறுபடி பேசணும். அதான் போனு." எத்தனையோ பத்திரிகைகளில் போன்களைப் பற்றி எழுதுகிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள். அண்ணி சொன்னதைவிட நேர்மையாக ஒருவரும் எழுதி நான் படித்ததில்லை. கழற்ற முடிந்தால்தான் அது நம் பொருள் என்பது எங்கள் தெருவில் எல்லோருடைய எண்ணமும்.

அண்ணன் அருள் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். படகு வேறொருவருடையது. அண்ணன் கையில் இருந்தது சுக்கானும் சாவியும் மட்டும்தான். என்னைவிட இரண்டே வயது மூத்தவன் என்பதால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன். அதே லீவில் அவனுக்கு நான் கொண்டுபோனது ஒரு ஜி.பி.எஸ். உள்ளங்கையில் அடங்கும் கருவி, சாம்பல் நிறத் திரை. கடலில் ஓர் இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அம்புக்குறி போட்டு அங்கேயே கொண்டுபோய் விடும். அப்படிச் சேர்த்து வைத்த இடத்துக்குத்தான் காசிமேட்டில் பாயிண்ட் என்று பெயர். அதற்கு முன்பெல்லாம் எண்ணூர் புகைபோக்கியையும் துறைமுகத்துக் கிரேனையும் கண்ணால் நேர்கோட்டில் வைத்துத்தான் இடம் பிடிப்பான். அது கரை தெரிகிற தூரம் வரைதான் செல்லும். இந்தக் கருவி வந்தபிறகு இருபது வருடமாகத் தலையில் வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக நேரில் போய் நின்று அதற்குள் ஏற்றினான். நாலு வருடம் பிடித்தது.

அந்தப் பாயிண்டுகளுக்கு அவன் வைத்த பெயர்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். மீன் விழுகிற இடத்துக்கெல்லாம் புனிதர்கள் பெயர்: அந்தோணி, செபஸ்தியார், சூசையப்பர். சங்கரா மீன் அள்ளிக்கொண்டு வந்த ஓர் இடத்துக்கு அவன் பெண்ணின் பெயர். கடலடியில் பாறை இருக்கிற இடம், மூழ்கிய கப்பல் கிடக்கிற இடம், அதாவது வலையைப் போட்டால் கிழிந்து நாராகும் இடங்களுக்கு அவன் பயந்த ஆட்களின் பெயர். கணக்கு வாத்தியார் ஒரு பாறை, அண்ணியின் சித்தப்பா ஒரு உடைந்த கப்பல். மீன் கிடைக்கும் இடம் தெரிவது பாதித் தொழில். எங்கே வலை விடக்கூடாது என்று தெரிவது மீதிப் பாதி.

காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தட்டில் சோறு தின்கிற தோஸ்தாக இருந்தாலும் தன் பாயிண்டைக் காட்டமாட்டான். பக்கத்தில் வேறொரு படகு வந்தால் திரைமேல் துண்டைப் போட்டு மூடுவார்கள். காகிதத்தில் எழுதி வைக்கமாட்டார்கள், காகிதம் கைமாறும். கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கமாட்டார்கள், ஏற்றித் தருகிறவன் தனக்கும் ஒன்று எடுத்துக்கொள்வான். ஒரு டிரைவருக்கு ஓனர் மரியாதை கொடுப்பது அவன் கையில் இருக்கிற பாயிண்டுகளுக்காகத்தான். அதை நகல் எடுத்து வைப்பது, வீட்டுச் சாவியை நாலு செய்து தெருவில் கொடுப்பது மாதிரி. எல்லாம் ஒரே ஒரு கருவிக்குள், அந்தக் கருவி அவன் இடுப்பில்.

சுனாமி வந்து ஒரு வருடம் கழித்து, கிறிஸ்துமஸ் லீவில் நான் போனபோது அந்தக் கருவியின் பொத்தான்களில் ரப்பர் பிளந்து உப்புத்தண்ணீர் இறங்கியிருந்தது. மேலே போகும் பொத்தான் வேலை செய்யவில்லை. பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவை கேட்டது. "பர்மா பஜாரில் கொடுத்தால் அரை நாளில் மாற்றித் தருவானே" என்றேன். அண்ணன் என்னை முறைத்தான்.

"இங்க எவன் கைலயும் குடுக்க மாட்டேன்மே. மூடியக் கழட்டுனான்னா மொதல்ல பாயிண்ட்டத்தான் சுடுவான். அடுத்த வாரம் போனா அந்தோணியார் மேல நாலு படகு நின்னுகினு இருக்கும்."

"அங்க மட்டும் சுட மாட்டானா?"

"வெள்ளக்காரன் சங்கரா புடிக்க இங்க வரப்போறானா? நீ எட்த்துகினு போ. பொத்தான மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லு. அது வர்ற வரைக்கும் கண்ணால பாத்து ஓட்டிக்கினு இருக்கேன்."

அதைப் பாலிதீன் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்தான். ஒருவரை நம்பினால் முழுதாக நம்புகிற ஆள் அவன். நான் கைப்பையில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன்.

அயர்லாந்தில் நான் இருக்கும் கார்க் நகரத்துக்குத் திரும்பியதும் அந்தக் கருவியின் கம்பெனிக்குப் போன் செய்தேன். வாரண்டி முடிந்துவிட்டது, ஆனாலும் நல்லெண்ண அடிப்படையில் பார்க்கிறோம் என்றார்கள். எத்தனை இனிமையான குரல்! வெப்சைட்டில் ஒரு படிவம். என்ன கோளாறு என்ற கட்டத்தில் "பொத்தான்" என்று எழுதினேன். கீழே எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில் ஒரு பக்கம் நிபந்தனைகள். அதற்கும் கீழே ஒரு சின்னச் சதுரம், சம்மதம் என்று குறியிட. இருபத்துநாலு மணி நேரமும் எந்த மருந்துச் சீட்டையும் மூன்று தடவை படித்துவிட்டே கை வைக்கிற நர்ஸ் நான். அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை. குறியிட்டேன், பார்சல் கட்டினேன், அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் பார்சல் வந்தது. திறந்தால் புத்தம்புதிய பெட்டி. புது மாடல். கலர் திரை. கூடவே ஒரு கடிதம்: உங்கள் பழைய கருவிக்குப் பதிலாக இதை அனுப்புவதில் மகிழ்ச்சி அடைகிறோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் துள்ளினேன். பொத்தானுக்குக் கொடுத்தால் மெஷினே புதிதாக வருகிறதே, இதல்லவா தேசம் என்று நோராவுக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். அன்று மாலையே கூரியரில் ராயபுரத்துக்கு அனுப்பினேன். அதற்குள் என்ன இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு வாரம் கழித்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வந்திச்சா? ஆன் பண்ணிப் பாத்தியா? கலர் ஸ்கிரீனு!"

"பாத்தேன். சோக்காத்தான் கீது. என்துது எங்க?"

"அதுக்குப் பதிலாத்தான் இது. புதுசுண்ணா."

பின்னால் மார்க்கெட்டுக்குப் போகும் மீன்பாடி வண்டியின் சத்தம் மட்டும் கேட்டது. "நான் மெஷினக் கேக்கல ஸ்டெல்லா" என்றான். "உள்ள இருந்ததக் கேக்கறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டேன். இசை போட்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், மறுபடி இசை. கடைசியில் ஓர் இளைஞன் வந்தான். பழைய கருவி வேண்டும் என்றேன். புதியதில் ஏதாவது குறையா மேடம் என்றான். குறை இல்லை, பழையதுதான் வேண்டும் என்றேன். புதியதில் நினைவகம் அதிகம் மேடம், ஆயிரம் இடங்களைச் சேமிக்கலாம் என்றான். ஆயிரம் காலி இடம் எதற்கு, என் அண்ணனின் இருநூறு இடம் எங்கே என்றேன். கீபோர்டில் தட்டும் சத்தம். பிறகு, நோயாளி பிழைத்துவிட்டார் என்று சொந்தக்காரர்களிடம் நாங்கள் சொல்வோமே, அதே குரலில் சொன்னான்: "கவலையே வேண்டாம் மேடம். உங்கள் தகவல்கள் எதுவும் வெளியே போகவில்லை. முழுவதும் அழித்த பிறகுதான் கருவியை மறுசுழற்சிக்கு அனுப்பியிருக்கிறோம். உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்."

நான் கத்தினேன். இந்த நாட்டில் அதுவரை நான் குரல் உயர்த்தியதே இல்லை. எந்த அண்ணன் திருட்டுக்குப் பயந்து கடல் தாண்டி அனுப்பினானோ அவனுடைய சொத்தை இவர்கள் திருடவில்லை, விற்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. குப்பை என்று துடைத்துவிட்டார்கள். பர்மா பஜாரில் கொடுத்திருந்தால் நாலு பேர் பாயிண்டைத் திருடியிருப்பார்கள், சரி. அண்ணனிடமும் அது இருந்திருக்கும்! திருடனுக்காவது அதன் மதிப்புத் தெரியும். இந்த யோக்கியர்களுக்குத் தெரியவில்லை. "நீங்கள் வருத்தமாக இருப்பது புரிகிறது" என்று அந்த இளைஞன் மூன்று தடவை சொன்னான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புதுசு கொடுத்தும் அழுகிற பெண்ணை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மறுநாள் மெயில் வந்தது. எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா, ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுங்கள் என்று. ஒன்றுக்குக் கீழே கொடுக்க வழியில்லை. கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுத்து அதிகமாகிவிட்டது, சுருக்கவும் என்றது. வெட்டினேன். இன்னும் அதிகம் என்றது. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது, "அது என் அண்ணனுடையது" என்ற ஒரு வரிதான். உங்கள் கருத்து மதிப்புமிக்கது, நன்றி என்று பதில் வந்தது.

நோராவிடம் சொன்னேன். நல்ல பெண்தான், கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பேக்கப் எடுத்து வைத்திருக்கவில்லையா?" என்றாள். இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஐ.டி. பிள்ளைகள் உட்பட. ஏதோ அண்ணன் குளிக்காமல் சாப்பிட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இன்னொருவன் கையில் கிடைத்தால் தன் பிழைப்பே போய்விடும் என்று ஒன்றைப் பொத்தி வைத்திருக்கிற மனிதனைப் பற்றி இவர்களுடைய கம்பெனிகள் ஒருநாளும் யோசித்ததில்லை. மெஷின் செய்கிறவன் தன் வீட்டைப் போலத்தான் எல்லா வீடும் இருக்கும் என்று நினைத்துச் செய்கிறான். பிறகு அது நம் கையில் உடைந்தால் நமக்கு உபயோகிக்கத் தெரியவில்லை என்கிறான்.

அண்ணன் புதுக் கருவியோடு கடலுக்குப் போனான். ஞாபகத்திலிருந்து இடம் பிடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். ஆனால் நாலு வருடம் மெஷினைப் பார்த்து ஓட்டியவனுக்குக் கரையின் அடையாளங்கள் மங்கிப்போயிருந்தன. எண்ணூரில் புதிதாக எழும்பிய கட்டடங்கள் பழைய நேர்கோட்டை வேறு மறைத்துவிட்டன. நடந்ததை அண்ணிதான் போனில் சொன்னாள்.

"மூணா நாளு பாறையில வலைய வுட்டுக் கிழிச்சுகினு வந்து நின்னுச்சு உங்கண்ணன். கணக்கு வாத்தியாரே தான். ஓனரு ஒரு வார்த்த திட்டல ஸ்டெல்லா. திட்டிருந்தாக்கூட தேவல. 'பாயிண்ட்டு இல்லாத டிரைவர வெச்சிகினு நான் இன்னா பண்றது அருளு'ன்னு கேட்டுட்டு, சாவிய வாங்கி வேற ஆளு கைல குடுத்துட்டான்."

அண்ணன் இப்போது அதே படகில் வலை இழுக்கிறான். அவனைவிடப் பத்து வயது சின்னவன் சுக்கான் பிடிக்கிறான். கம்பெனிமேல் எனக்குள்ள கோபத்தை இவ்வளவு நேரம் கொட்டினேன். என்மேல் உள்ளதையும் சொல்லாவிட்டால் அது பித்தலாட்டம். பெட்டியைத் திறந்து புதுசைப் பார்த்ததும் துள்ளினேனே, அந்த நொடியில் நான் எங்கள் தெருக்காரி இல்லை. கெட்டதை மாற்றுவதும் சரிசெய்வதும் ஒன்றுதான் என்று நம்புகிற இந்த ஊர்க்காரியாகி இருந்தேன். பழசு எங்கே என்று கேட்க அண்ணனுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அவன் வீட்டில் இல்லை. துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். அண்ணன் படகின் பின்பக்கம் கால் நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கரைக்கு வந்தான். திட்டுவான் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவன் இடுப்பிலிருந்து பாலிதீன் கவரை எடுத்துப் பிரித்து அந்தப் புதுக் கருவியை என் கையில் வைத்தான்.

"வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு தெரியல. உள்ள ஒரே ஒரு பாயிண்ட்டு தான் கீது. நான் போட்டதுல்ல. வரும்போதே இருந்திச்சு."

பார்த்தேன். 001 என்று ஒன்று. திறந்ததும் இங்கிருந்து தூரம் காட்டியது: எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பார்சல் வந்த அன்று சமையலறை ஜன்னலோரம் நின்று, சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க நான்தான் ஒரு தடவை பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

"என் வீடுண்ணா" என்றேன்.

"தெரியும்" என்றான். "இப்ப ஓட்டற பையன் மேப்புல பாத்துச் சொன்னான். அந்தோணியாரு, செபஸ்தியாரு அல்லாத்தயும் தொடச்சிட்டு உன் வூட்ட வெச்சி அனுப்பிகீற. அங்க போயி வல வுட்டா இன்னாமே வுழும்?"

அழித்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. கட்டைவிரல் அடுத்த பொத்தானுக்குப் போவதற்குள் அவன் கருவியைப் பிடுங்கிக்கொண்டான். "இருக்கட்டும் வுடு. ஒண்ணாவது இருக்கட்டும்." பழையபடி கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறி, இன்னொருவன் ஓட்டப்போகும் படகின் வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டான். ஐஸ் நொறுக்கும் சத்தம் காதை அடைத்தது. கார்க் நகரத்தில் இருக்கிற என் சமையலறை அவன் இடுப்பில் இருந்தது. நான் காசிமேட்டில் நின்றுகொண்டிருந்தேன், நான் நின்ற இடம் அந்த மெஷினில் இல்லை.